சின்ன வலிக்குச் சின்ன பிளாஸ்திரி

இஸ்திரி ரோலர் ஓடும்போது கையை வேறெங்கும் கொண்டுபோகக் கூடாது. சலவைக் கூடத்தில் சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுவார்கள். இருந்தும் ரோலர் அக்கா ஈரப் படுக்கை விரிப்பின் முனையை உள்ளே கொடுத்துவிட்டு, இடது கையைப் பின்னால் கொண்டுபோய், சீருடைக் கால்சட்டையின் எலாஸ்டிக்குக்குள் இரண்டு விரலை விட்டுத் தடவினாள்.

இல்லை.

கொஞ்சம் கீழே தடவினாள். அங்கேயும் இல்லை. வேர்வைதான் இருந்தது.

அங்கே ஒரு பிளாஸ்திரி இருந்திருக்க வேண்டும். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. ஒட்டினால் ஒட்டியிருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. டாக்டர் அதை ஹார்மோன் பேட்ச் என்றார். ரோலர் அக்காவின் கணவர் அதைப் பிளாஸ்திரி என்றார். வீட்டில் அந்தப் பெயர்தான் நின்றது.

மாதவிடாய் நின்று இரண்டு வருஷமாக அவளுக்குள்ளேயே இன்னொரு ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா நிற்கும்போது நெஞ்சில் ஒரு சூடு கிளம்பும். கழுத்து வழியாக ஏறி முகத்தில் வந்து உட்காரும். கூடத்து ரோலரையாவது சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்தலாம். இதற்குப் பொத்தான் கிடையாது. தூக்கமும் போயிற்று. கணவர் போர்வையை இழுக்க, இவள் உதைத்துத் தள்ள, நடுவில் போர்வைதான் நைந்துபோனது.

டாக்டர் பேட்ச் எழுதிக் கொடுக்கும் முன் ரத்தம் எடுத்தார்.

"இந்த வயசுல இதயத்துக்கு இருந்த காவல் கொஞ்சம் குறையும். அதனால நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு எல்லாம் எவ்வளவு இருக்குன்னு முதல்லயே பாத்துடுவோம். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி பாப்போம். சரியா இருந்தா தொடரலாம். இல்லைன்னா யோசிக்கணும்."

ரோலர் அக்காவுக்கு இதில் 'யோசிக்கணும்' என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. ஏனென்றால் பேட்ச் ஒட்ட ஆரம்பித்ததிலிருந்து தூக்கம், கோபித்துக்கொண்டு போன உறவுக்காரன் மாதிரி, தானாகவே திரும்பி வந்துவிட்டிருந்தது. அதை மறுபடி வாசலோடு அனுப்ப அவளுக்கு மனசில்லை.

இந்த விஷயம் கூடத்தில் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. போன வருஷம் கஞ்சித் தொட்டியில் நின்ற அக்கா ஒருத்தி, "உடம்பெல்லாம் எரியுதும்மா" என்று மேனேஜரம்மாவிடம் வாய்விட்டுச் சொன்னாள். மறுநாளே அவளை அழுக்குத் துணி பிரிக்கும் பின்கட்டுக்கு மாற்றிவிட்டார்கள். "அங்க நல்லாக் காத்து வரும்" என்றார் மேனேஜரம்மா. காற்று வரத்தான் செய்தது. எதன் மேல் பட்டு வந்தது என்பதுதான் பிரச்சினை.

அதனால் ரோலர் அக்கா மருந்துக் கடைக்குக்கூட ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போவாள். கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர் மாதிரிப் பேசுவார். "உங்களுக்கு அந்த ஹார்மோன் பேட்ச்தானே?" என்று அவர் கேட்டால் எதிர்வரிசையில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார்.

இப்போது அந்தப் பேட்ச் இடுப்பில் இல்லை. கூடத்தில்தான் எங்கோ இருக்கிறது.

ரோலர் அக்கா குனிந்து தரையைப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள். ஈரத் துணி வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். ரோலரின் மறுமுனையில் சூடாக வெளியே வரும் விரிப்புகளைப் பிடித்து மடிக்கிற பெண் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள். அவளை எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடுவார்கள். உடம்புதான் ஒல்லி. கண் ரொம்பப் பெரிசு.

"என்னக்கா தேடறே?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா இவ்வளவு நேரமாத் தேடுவாங்க?"

"தோடு. தோடு விழுந்துடுச்சு."

சொன்ன பிறகுதான் இரண்டு தோடும் காதில் இருப்பது ரோலர் அக்காவுக்கு நினைவு வந்தது. தேடுகிற மாதிரியே இன்னும் கொஞ்சம் குனிந்து, இடது காதுத் தோட்டைக் கழற்றினாள். வேர்த்த விரல். தோடு வழுக்கியது. ஓடிக்கொண்டிருந்த விரிப்பின் மேல் விழுந்தது. விரிப்பு அதை மரியாதையாக ரோலருக்குள் அழைத்துக்கொண்டு போயிற்று.

ரோலர் ஒரு சத்தம் போட்டது. பல்லுக்கு இடையில் கல் மாட்டினால் மனிதர்கள் போடுகிற சத்தம். ஒல்லி சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். கூடம் முழுக்க அமைதியானது.

"உண்மையிலேயே தோடுதானா?" என்றாள் ஒல்லி.

ரோலர் நின்றால் மாடியில் மேனேஜரம்மா அறையில் ஒரு விளக்கு எரியும். அவர் கீழே இறங்கி வந்தார். அது அபூர்வம். அவருடைய அறையில் ஏசி எந்நேரமும் ஓடும். அங்கே கணக்கு எழுதுகிறவர் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பார். பெரிய பதவிக்குப் போனால் குளிர் பிடித்துப்போகும் என்று கூடத்தில் பேசிக்கொள்வார்கள்.

"ஏன் நிக்குது?"

"அக்கா தோடு விழுந்துடுச்சும்மா."

"ஓட்டல் வண்டி வாசல்ல நிக்குது. மடிச்ச துணிக்குள்ள விழுந்து, அது போய் யாரையாவது குத்தினா? எல்லாத்தையும் பிரிங்க."

காலையிலிருந்து மடித்து அடுக்கியதெல்லாம் பிரிந்தது. வண்டிக்கு மூட்டை ஏற்றுகிற ஆள் கூட உள்ளே வந்து தேடினார். அவர்தான் ரோலர் அக்காவின் கணவர். கூடத்தில் அவரை மூட்டைக்காரர் என்பார்கள். மேனேஜரம்மாவும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, குனிந்து நிமிர்ந்து, விரிப்பு விரிப்பாக உதறினார். சிறிது நேரத்தில் முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டி, கூந்தலிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. வண்டி ஓட்டுநர் ஹாரன் அடித்தார். மேனேஜரம்மா தானே நாலைந்து விரிப்பை மடித்து அடுக்கினார்.

தோடு ரோலரின் மெத்தைத் துணியில் பதிந்து கிடந்தது. ஒல்லி நகத்தால் சுரண்டி எடுத்தாள். தகடாக இருந்தது.

மேனேஜரம்மா அதை வாங்கிப் பார்த்தார். "இதுவா தோடு?"

"கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி வரைக்கும்" என்றாள் ரோலர் அக்கா.

வண்டி போய்விட்டது. பேட்ச் மட்டும் எங்குமே அகப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரோலர் அக்கா கதவைச் சாத்திவிட்டுக் கணவரிடம் கேட்டாள்.

"காலைல அதை ஒழுங்காத்தான் ஒட்டினீங்களா?"

முன்பெல்லாம் அவளே ஒட்டிக்கொள்வாள். முன்பக்கம் ஒட்டினால் எலாஸ்டிக் உரசுகிறது என்று டாக்டரிடம் சொன்னதற்கு, பின்னால் தள்ளி ஒட்டச் சொல்லிவிட்டார். ஒருமுறை இடது பக்கம், அடுத்த முறை வலது பக்கம். அன்று காலை முதல் முறையாகக் கணவர் ஒட்டிவிட்டார். 'இடது பக்கம்' என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்தவள், அவர் ஒட்டி முடிப்பதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.

மூட்டைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன இப்படிக் கேட்டுட்டே. எத்தனை வருஷமா மூட்டைக்கு லேபிள் ஒட்டறேன். ஒண்ணு, ஒரே ஒண்ணு கழண்டு வந்திருக்கா?"

"மூட்டை வேர்க்காது."

ரோலர் அக்கா புதுப் பேட்ச் ஒன்றை எடுத்து, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்து சுளுக்கும்வரை திரும்பி, இடது பக்கத்தில் தானே ஒட்டிக்கொண்டாள். உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். இது உயிர் போனாலும் போகாது என்று தோன்றியது.

மறுநாள் ஓட்டலிலிருந்து மேற்பார்வையாளர் வந்தார். டை கட்டியிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. செத்த பல்லியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் அதன் நுனியைப் பிடித்திருந்தார்.

எல்லோரையும் கூடத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ரோலர் அக்கா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். வெங்காயத் தோல்.

"எங்க விருந்தாளி ஒருத்தர் படுத்து எழுந்திருக்காரு. இது அவர் கன்னத்துல ஒட்டியிருந்துச்சு" என்றார் மேற்பார்வையாளர்.

யாரோ சிரித்தார்கள். மேனேஜரம்மா சிரிக்கவில்லை. அந்த உறையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. இஸ்திரி போட்டது மாதிரி இருந்தது.

"இது யாருதுன்னு நான் கேக்கப் போறதில்ல" என்றார்.

"நான் கேக்கறேன்" என்றார் மேற்பார்வையாளர். "பதில் தெரியாம நான் போக முடியாது. எங்க துணியை வேற இடத்துல துவைக்கச் சொல்லி மேலிடத்துல ஏற்கெனவே பேச்சு ஓடுது."

ரோலர் அக்காவுக்கு நெஞ்சில் சூடு கிளம்பியது. இரண்டு வாரமாக வராத சூடு. கழுத்துக்கு வந்தது. முகத்துக்கு வந்தது. ஒல்லியின் பெரிய கண் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. பின்கட்டின் வாசனை இங்கேயே அடிக்கிற மாதிரி இருந்தது. அவள் ஒரு அடி முன்னால் வைக்கப் போனாள்.

"என்னுதுங்க" என்றார் மூட்டைக்காரர்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"முதுகுவலிங்க. மூட்டை தூக்கித் தூக்கி."

"இவ்வளவு சின்னதாவா முதுகுப் பிளாஸ்திரி இருக்கும்?" என்றார் மேற்பார்வையாளர்.

"வலி சின்னதுங்க."

"மருந்து வாசனையே வரலையே?"

"எனக்குச் சளிங்க. வாசனை தெரியாது."

மேற்பார்வையாளர் இன்னும் ஏதோ கேட்க வாய் திறந்தார். மேனேஜரம்மா முந்திக்கொண்டார்.

"அவருதுதான். எனக்கு நல்லாத் தெரியும். போன வாரம்கூட முதுகைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாரு, நானே பாத்தேன்."

போன வாரம் மூட்டைக்காரர் முதுகைப் பிடிக்கவில்லை. அவர் முதுகு இரண்டு மாட்டுக்குச் சமானம். ஆனால் மேனேஜரே சாட்சி சொன்ன பிறகு மறுப்பது மரியாதையாக இருக்காது என்று தலையை ஆட்டினார்.

மேற்பார்வையாளருக்கு அது போதவில்லை. "அப்படின்னா இவருக்கு முழுசாப் பரிசோதனை பண்ணுங்க. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் இவர் எங்க மூட்டையைத் தூக்கக் கூடாது."

இப்படியாக மூட்டைக்காரர் மூட்டை தூக்காதவரானார். அவரை ரோலருக்குப் பக்கத்தில் மடிப்பு மேஜையில் உட்கார வைத்தார்கள். மாடியிலிருந்து அவருக்கென்று மெத்தை வைத்த நாற்காலி ஒன்று இறங்கி வந்தது. அது மேனேஜரம்மாவின் நாற்காலி. அதில் உட்கார்ந்து தலையணை உறை மடித்தார். அவர் மடித்த உறைகள் எல்லாம் மூட்டை மாதிரியே இருந்தன. ஒல்லி அவற்றைச் சத்தமில்லாமல் மறுபடி மடித்தாள்.

அன்றைக்கே மேனேஜரம்மா இரண்டு முறை கீழே வந்தார். இரண்டு முறையும் நேராக மூட்டைக்காரரிடம் போய், "முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ரோலர் அக்காவையும் ஒரு பார்வை பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போய்விட்டார்.

"மோப்பம் பிடிச்சுட்டாங்க" என்றாள் ரோலர் அக்கா. "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் சேத்துப் பின்கட்டுக்கு அனுப்பப் போறாங்க."

"நாற்காலி குடுத்திருக்காங்களே?"

"பலி குடுக்கறதுக்கு முன்னாடி நல்லாத்தான் பாத்துப்பாங்க."

அவர் எழுந்து நின்று நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்தார்.

அதற்குள் ரோலர் அக்காவுக்கு வேறொன்று ஆரம்பித்திருந்தது. தலைவலி. மார்பில் கனம், தொட்டால் வலித்தது. விளம்பரத்தில் நாய்க்குட்டியைப் பார்த்தால் அழுகை வந்தது. இதயம்தான் என்று அவள் முடிவு கட்டினாள். பேட்ச் தன் வேலையைக் காட்டிவிட்டது. டாக்டர் 'யோசிக்கணும்' என்று சொன்ன இடம் வந்துவிட்டது.

"சும்மா இருந்த இதயத்தை நானே கெடுத்துக்கிட்டேன்" என்றாள்.

"எப்படியும் நான் டாக்டர்கிட்டப் போகணும். நீயும் வா. ஒரேயடியா ரெண்டு பேருக்கும் பாத்துடலாம்" என்றார் மூட்டைக்காரர். ஏதோ சந்தைக்குக் கூப்பிடுவது மாதிரிச் சொன்னார். ஆனால் சாப்பிடும்போது தட்டில் பொரித்ததை இரண்டாம் முறை போட்டுக்கொள்ளவில்லை. அவர் வாழ்க்கையில் அது பெரிய துக்கத்தின் அடையாளம்.

அன்று மாலையே இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். மறுநாள் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். மூட்டைக்காரர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து மனைவியின் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுது நல்லா இருக்கும்மா" என்றார் டாக்டர். "கெட்ட கொழுப்பு குறைச்சல். நல்ல கொழுப்பு போன தடவை மாதிரியே நல்லா இருக்கு. ரத்தக் கொதிப்பும் சரி. இந்த இதயத்தைப் பத்தி எனக்குக் கவலை இல்ல."

மூட்டைக்காரர் மூச்சு விட்டார். பெரிய மூச்சு. மேஜையிலிருந்த தாள் ஒன்று பறந்தது.

"கவலை எல்லாம் உங்களைப் பத்தித்தான்" என்றார் டாக்டர், அவரைப் பார்த்து.

"என்னையா? எனக்கு முதுகுதானே?"

"முதுகு ரயில் தண்டவாளம் மாதிரி இருக்கு. கொழுப்புதான் ரெண்டு மடங்கு இருக்கு. கொதிப்பும் இருக்கு. இதயத்துல அபாயம் வர்றதுக்கு என்னென்ன அறிகுறி ரத்தத்துல இருக்கணுமோ, அதெல்லாம் உங்ககிட்ட இருக்கு. இப்ப வந்தீங்க, பிழைச்சீங்க. யார் அனுப்பினாங்க உங்களை?"

"ஒரு பிளாஸ்திரிங்க" என்றார் அவர்.

டாக்டர் மாத்திரை எழுதினார். பொரித்ததை நிறுத்தச் சொன்னார். நடக்கச் சொன்னார். மூட்டைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பொரித்ததற்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக ஆட்டினார்.

"அப்ப எனக்கு ஏன் தலைவலி? மார்ல ஏன் வலி?" என்றாள் ரோலர் அக்கா.

நர்ஸ் அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு ஒட்டியிருக்கீங்களே. ஒண்ணு போதாதா?"

"ரெண்டா?"

"வலது பக்கம் ஒண்ணு நல்லாத்தான் ஒட்டியிருக்கு. யார் ஒட்டினதோ, உரிக்கவே முடியல."

திரைக்கு இந்தப் பக்கம் மூட்டைக்காரர் தரையைப் பார்த்தார்.

"நான் இடது பக்கம்னுதானே சொன்னேன்?" என்று கேட்டுக்கொண்டே ரோலர் அக்கா வெளியே வந்தாள்.

"சொன்னேதான். ஆனா மூட்டைக்கு லேபிள் எப்பவும் கதவுப் பக்கம்தான் ஒட்டணும். அப்பதான் வண்டியில இருக்கறவனுக்குத் தெரியும். நீ குப்புறப் படுத்திருந்தே. கதவு உன் வலது பக்கம் இருந்துச்சு. கை தானாப் போயிடுச்சு."

"என்னை எந்த வண்டியில ஏத்தப் போனீங்க?"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"மருந்து ரெண்டு பங்காப் போயிருக்கு, அதான் தலைவலி, மார்வலி" என்றார் திரும்பாமலே. "ஒண்ணை எடுத்தாச்சு, சரியாயிடும். தாராளமாத் தொடரலாம். இனிமே நீங்களே ஒட்டிக்கங்க."

வெளியே வந்து பாதித் தெரு நடந்த பிறகுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் அந்த யோசனை வந்தது. இருவரும் நின்றார்கள்.

"உன்னோடது விழவே இல்ல" என்றார் மூட்டைக்காரர்.

"இல்ல."

"அப்ப அந்த ஆள் கன்னத்துல ஒட்டியிருந்தது?"

ரோலர் அக்கா யோசித்தாள். ஒல்லிக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. கஞ்சி அக்கா பின்கட்டை விட்டு ரோலர் பக்கம் வருவதே இல்லை. மற்றவர்கள் ஆண்கள். "யாரோ அந்த ஓட்டல்லயே படுத்தவங்களோடதா இருக்கும். நம்மகிட்ட வர்றதுக்கு முன்னாடியே ஒட்டியிருக்கும்."

"நம்ம துவைக்கிற துவையல்ல பிளாஸ்திரி தப்பிக்குமா? பொத்தானே தப்பிக்காது." முதுகைத் தடவிக்கொண்டார். "யாருன்னே தெரியாதவங்க பிளாஸ்திரிக்கு நான் பழியேத்துக்கிட்டிருக்கேன். என் முதுகு பேரையும் கெடுத்துட்டேன்."

உண்மையைச் சொல்லி அவரை மறுபடி மூட்டைக்கே அனுப்பிவிட வேண்டும் என்று ரோலர் அக்கா முடிவு செய்தாள். மடிப்பு மேஜையில் அவர் மடிப்பதைப் பார்க்க அவளுக்கே பொறுக்கவில்லை. ஆனால் சொல்லப் போனால், பிளாஸ்திரி என்றால் என்ன, அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேள்வி வரும். கடைசியில் பின்கட்டில்தான் போய் நிற்கும். வாரத்தின் முதல் நாள், அவள் வாயைத் திறக்கும் முன்பே, மாடியிலிருந்து ஆள் வந்தது. மேனேஜரம்மா கூப்பிடுகிறார்.

ரோலரை ஒல்லியிடம் ஒப்படைத்தாள். இருபது வருஷமாகப் பிடித்த கைப்பிடி. அதை ஒருமுறை துணியால் துடைத்துவிட்டுப் போனாள்.

மாடி அறை ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. கம்பளிக் குல்லாய் போட்டவரை மேனேஜரம்மா வெளியே அனுப்பினார். அவர் வெயிலுக்குப் போகிறவர் மாதிரிச் சந்தோஷமாகப் போனார். மேனேஜரம்மா மரநாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெத்தை நாற்காலிதான் கீழே இருக்கிறதே.

"உக்காருங்க. வீட்டுக்காரர் பரிசோதனை என்ன ஆச்சு?"

"முதுகு நல்லா இருக்குதாம். கொழுப்புதான் அதிகமாம். இப்பப் பாத்ததால தப்பிச்சாராம்."

"அப்படியா?" மேனேஜரம்மாவின் முகத்தில் இஸ்திரி கொஞ்சம் கலைந்தது. "நல்லதுதான் நடந்திருக்கு. அப்படின்னா நல்லதுதான்." ஏனோ அதை இரண்டு முறை சொன்னார்.

இதுதான் சமயம் என்று ரோலர் அக்கா நினைத்தாள். "அம்மா, அந்தப் பிளாஸ்திரி இருக்கே. அது அவருது இல்ல."

மேனேஜரம்மாவின் கையிலிருந்த பேனா நின்றது.

"அவருதுதான்" என்றார்.

"இல்லம்மா. நான் விசாரிச்சுட்டேன்."

"விசாரிச்சீங்களா? யார்கிட்ட?"

"டாக்டர்கிட்ட."

"டாக்டர் என்ன சொன்னாரு?" மேனேஜரம்மா பாதி எழுந்துவிட்டார்.

"ஒண்ணும் சொல்லல. ஆனா அவர் எதுவும் ஒட்டல, அது எனக்கு நிச்சயமாத் தெரியும். நாங்க சொன்னது பொய்."

மேனேஜரம்மா மெதுவாக உட்கார்ந்தார். மேஜைமேல் இருந்த தாளை எடுத்து விசிறிக்கொண்டார். அந்தக் குளிரில்.

"இங்க பாருங்க. ஓட்டல்காரர் சமாதானம் ஆயிட்டாரு. அவருது இல்லைன்னா வேற யாருதுன்னு தேடணும். ஒவ்வொருத்தரா விசாரிக்கணும். எல்லாரையும். தேடணும்னு சொல்றீங்களா?"

ரோலர் அக்கா யோசித்தாள். ஒவ்வொருத்தரையும் விசாரித்தால், ஒவ்வொருத்தர் இடுப்பையும் பார்த்தால், முதலில் அகப்படுவது யார் என்று அவளுக்குத் தெரியும்.

"வேணாம்மா" என்றாள்.

"வேணாம்" என்றார் மேனேஜரம்மா. "அவருதுதான்."

"அவருதுதான்."

ஒரு பொய்யை ஆளுக்கொரு முனையில் பிடித்து மடித்தது மாதிரி இருந்தது.

"நான் கூப்பிட்டது வேற விஷயத்துக்கு" என்றார் மேனேஜரம்மா. "ரோலர்கிட்ட ரொம்பச் சூடு. அன்னைக்கு வந்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. ஒரு பெரிய ஃபேன் சொல்லியிருக்கேன். நாளைக்கு வரும்."

"ஃபேனா? எதுக்கும்மா?"

"உங்க வீட்டுக்காரர் முதுகுக்கு."

"அவர் நாளையிலேர்ந்து மூட்டைக்கே போயிடுவாரேம்மா."

"அப்படியா." மேனேஜரம்மா பேனாவை மூடினார். திறந்தார். "சரி, வந்த ஃபேனைத் திருப்பியா அனுப்ப முடியும்? நீங்க நில்லுங்க அதுக்கு முன்னாடி. அந்தப் பின்கட்டு அம்மாவையும் அங்கயே கூப்பிட்டுக்கங்க. காத்து வரட்டும்னுதான் அங்க போட்டேன். நாத்தத்தை யோசிக்கல."

ரோலர் அக்கா படியிறங்கி வந்து, ரோலரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

"என்னக்கா, வெளியே அனுப்பிட்டாங்களா?" என்றாள் ஒல்லி.

"ஃபேன் குடுத்துட்டாங்க."

"எதுக்கு?"

"முதுகுக்கு."

ஒல்லி மேலே எதுவும் கேட்கவில்லை. இந்தச் சில நாளில் கேட்ட பதில்களே அவளுக்குப் போதுமாயிருந்தது.

வேலை முடிந்து வரும் வழியில் ரோலர் அக்கா மருந்துக் கடைக்குப் போனாள். கணவரின் கொழுப்பு மாத்திரை வாங்க வேண்டும். இரண்டு பேட்ச் ஒரே நேரத்தில் செலவானதால் அவளுக்கும் ஒரு டப்பா வேண்டும். கடையில் ஆள் இல்லை. எதிர்வரிசைப் பூட்டுக்காரரும் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

சீட்டைக் கொடுத்து, "மெதுவாப் பேசுங்க" என்றாள்.

"நான் எப்பவும் மெதுவாத்தானே பேசறேன்" என்றார் கடைக்காரர். பூட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கடைக்காரர் மாத்திரையை எடுத்து வைத்தார். நீல டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். அதே மாதிரி இன்னொரு நீல டப்பாவை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"எனக்கு ஒண்ணு போதுங்க" என்றாள் ரோலர் அக்கா.

"இது உங்களுக்கு இல்ல. நீங்க அந்தச் சலவைக் கம்பெனிதானே? அப்படியே உங்க மேனேஜரம்மாகிட்ட குடுத்துடுங்க. அன்னைக்குக் கீழ வந்து யாரோட தோட்டையோ தேடினாங்களாம், இது எங்கயோ கழண்டு விழுந்துடுச்சாம்."